பல்லுயிர்ப் பதிவேட்டுல நம்ம கடல் சாப்பாட்டை எழுதிக் கொடுக்கலாமா, வேணாமா?

கூடுகட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். கீழக்கரைக்குக் கிழக்கே கடலோரத்துல நம்ம ஊரு. ஊர்ப் பேரு வேணாம். எங்க ஊராட்சிக்கான மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை, அதாவது ஊர்ல உள்ள செடிகொடி, உயிரினம், அதைப் பத்தின ஊர் அறிவு எல்லாம் எழுதி வைக்கிற பதிவேட்டை, புதுசா எழுதுறாக. பழைய பதிவேட்டை வாங்கிப் பாத்தேன். வேம்பு, துளசி, ஆவாரைன்னு ரெண்டு பக்கம் இருக்கு. கடலுக்கு ஒரே வரிதான்: "பலவகை மீன்கள்."

சரி, நம்மளே எழுதிக் கொடுப்போம்னு ஒரு நோட்டு போட்டேன். மீன் கூடு எப்படிப் பின்னுறது, எந்த மாசம் என்ன மீன், எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் போறது, கருவாடு பதம், பிள்ளை பெத்தவளுக்கு என்ன மீன், என்ன ஆகாது, இப்படி.

வாப்பாகிட்ட கேட்டா, "எதையும் எழுது, பார் இருக்குற இடத்தை மட்டும் எழுதாதே"ங்கிறாக. பார்னா கடலுக்கடியில மீனு கூடுற பாறை. உம்மா அதுக்கும் மேல. "எழுதி வச்சா மீனு வந்துருமா"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாக.

கூட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடுறேன், தெரியாதவுகளுக்காக. மீனைப் புடிக்கிற பொறி அது. உடைமரக் கம்பைச் சீவிப் பின்னுறது. வாய் உள்பக்கமாக் குறுகிப் போகும். நண்டு, சிப்பி நசுக்கி உள்ள வச்சு, கல்லைக் கட்டிப் பார் ஓரமா இறக்கிட்டு வந்துடுவோம். எடுக்கும்போது விளைமீனு, ஓரா, கிளிமீனு எல்லாம் உசுரோட கிடக்கும். கண்ணு அகலமா இருக்குறதால குஞ்சு தானாப் போயிரும். போகாததை நம்ம எடுத்து விட்டுறலாம். வலையில அது முடியாது, செத்துத்தான் வரும்.

இப்ப முக்காவாசிப் பேரு இரும்புக் கம்பியும் நைலான் வலையும் வச்சுக் கட்டுறாக. ரொம்ப நாள் உழைக்கும், வாஸ்தவம். ஆனா கயிறு அறுந்து கடல்ல விட்டுட்டோம்னா? மரக்கூடு மக்கிக் கலைஞ்சுரும். இரும்புக்கூடு அடியிலயே கிடந்து, எடுக்க ஆளில்லாம மீனைப் புடிச்சுச் சாகடிச்சிக்கிட்டே இருக்கும். இதை எழுதணும்னு எனக்கு ஆசை. எழுதலாமா?

சங்குமுகம் எழுதியது:

முதல்ல ஓராக்குழம்பு செய்முறையை எழுதுங்க காக்கா. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.

சின்னப்பாலத்துப் பொண்ணு எழுதியது:

அண்ணே, எழுதுங்க. ஆனா யாரு பேர்ல எழுதுறீங்கங்கிறதுதான் முக்கியம்.

எங்கம்மா கடல்பாசி எடுக்குறவுக. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை எல்லாம் எடுப்பாக. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு முங்குவாக. மரிக்கொழுந்து கல்லுல ஒட்டி வளரும். அதை வேரோட சுரண்டக் கூடாது, மேலாப்புல கிள்ளணும். அடி இருந்தா மறுபடி தழைக்கும். எனக்கு இதை யாரும் பாடமா நடத்தல. சின்னப் பிள்ளையில அம்மா கையில அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன்.

மாசத்துல பன்னெண்டு நாள்தான் எடுக்குறது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மீன்பிடித் தடைக்காலத்துல எடுக்குறதே இல்ல. இதை எந்தச் சர்க்காரும் போடல, பாசிக்காரப் பொம்பளைக கூடிப் பேசி அவுகளே போட்டுக்கிட்டது. எங்க ஊரு லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல சீகாலஜி விருது குடுத்தாக, அமெரிக்காவுல இருந்து. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு.

அதே பொம்பளைகதான் தீவு ஓரமாப் போனா வனத்துறைக்குப் பயந்து ஒளியணும். 1986-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாக, மன்னார் வளைகுடாவுல 21 தீவு. அதுக்கு முன்னாடி இருந்தே எங்க ஆத்தா, அவுக ஆத்தா எல்லாம் அங்க போய் வந்தவுக. தெரிஞ்சவளுக்கு விருது, தண்ணியில இறங்குனா வழக்கு. இந்தக் கணக்கு எனக்கு இன்னிக்கும் புரியல.

விசைப்படகுக்காரன் எழுதியது:

ஆரம்பிச்சிட்டீங்களா. இந்த மாதிரிப் பேச்சு எடுத்தாலே நாட்டுப்படகு, பாசி, கூடு எல்லாம் புனிதம், விசைப்படகு மட்டும் அரக்கன்.

ரெண்டு விஷயம் கேக்குறேன், கோவப்படாம பதில் சொல்லுங்க. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் ஏத்துனது யாரு? விசைப்படகு இழுக்குற இழுவைமடி வலையா? கரையோரத்து ஆளுகதான், வத்தைப் படகை எடுத்துக்கிட்டுப் போய் வெட்டுனாக. ஆவுளியாவை, அதான் கடல்பசுவை, அறுத்துக் கறி போட்டது யாரு? எங்க தாத்தா காலத்துல ஆமைக்கறி வாரா வாரம். அதுவும் பாரம்பரிய அறிவுதானே? பதிவேட்டுல அதையும் எழுதுவீங்களா?

இன்னொண்ணு. எங்களை டிராலர் வாங்கச் சொன்னதே சர்க்கார்தான். இறாலு டாலர் கொண்டு வரும்னு கடனும் மானியமும் குடுத்துத்தான் இதுல இறக்கிவிட்டாக. இப்ப கடல் காலின்னதும் நாங்க மட்டும் குத்தவாளி.

மண்டபம்வாசி எழுதியது:

விசைப்படகு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லலாம்.

பவளப்பாறை வெட்டியது உண்மை. அதன் விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்குப் பாறை வெட்டியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்னொரு புறம் கடல் சூடேறுவதால் பவளங்கள் வெளிறுகின்றன. 2010, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இங்கே கடுமையாக வெளிறின. அதற்கு நம் ஊர்க்காரர் யாரும் பொறுப்பல்ல.

என் கருத்து: பாரம்பரிய அறிவு என்றால் முன்னோர் செய்ததெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பாசி எடுக்கும் பெண்களின் பன்னிரண்டு நாள் கட்டுப்பாடு ஒன்றும் சங்க காலத்து வழக்கம் அல்ல, நம் காலத்தில் போட்டுக்கொண்டது. பாசி குறைவதைக் கையால் தடவித் தெரிந்துகொண்டவர்கள் எடுத்த முடிவு. எனக்கு அதுதான் மதிப்பாகப் படுகிறது. ஆகவே கூடுகட்டி, பதிவேட்டில் பழையதை மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆண்டு என்ன குறைந்தது, அதற்கு ஊர் என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். ஆமைக்கறியையும் எழுதுங்கள். எப்போது நிறுத்தினார்கள், ஏன் என்பதோடு சேர்த்து.

கச்சான்காத்து எழுதியது:

நம்புதாளைப் பக்கம் நமக்கு. நாட்டுப்படகு.

விசைப்படகு அண்ணனுக்கு: நீங்க அரக்கன் இல்ல. உங்க மடிதான் அரக்கன். அடியில வளர்ற தாழை, அதான் கடல்புல்லு, எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டு வந்துருது. காரலும் ஓராவும் நண்டும் குஞ்சு பொரிச்சு வளர்றது அந்தத் தாழைக்குள்ளதான். தாழையைத் தின்னுதான் ஆவுளியாவும் உசுரோட இருக்கு. 1983-ல சட்டம் வந்தப்பவே கரையிலேர்ந்து 3 கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரப்படாதுன்னு சொல்லியாச்சு. பாக் நீரிணையில வாரத்துல உங்களுக்கு மூணு நாளு, எங்களுக்கு நாலு நாளுன்னு பேசி முடிச்சதும் எழுபதுகள்ல நடந்த சண்டைக்குப் பொறகுதான். அந்த மூணு-நாலு ஏற்பாடு இன்னிக்கும் ஓடுது பாருங்க, அதுதான் எழுத வேண்டிய விஷயம். வலை எப்படிப் பின்னுறதுங்கிறது யூட்யூப்ல கிடைக்கும்.

காத்தைப் பத்தி எழுதுறதா இருந்தா இதைச் சேத்துக்கங்க. ஆனி, ஆடியில கச்சான், அதான் தென்மேக்குக் காத்து, அடிச்சா தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிப்பு, வடகடல் (பாக் நீரிணை) தூங்கும். ஐப்பசி, கார்த்திகையில வாடை இறங்குனா தலைகீழ். அதனாலதான் நம்ம ஆளுக காத்துக்குத் தக்க இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் மாறி மாறி வத்தையைக் கொண்டு போவாக. ஒரு பக்கம் ஓய்வு, ஒரு பக்கம் தொழில். யாரும் தடைக்காலம் போடாமலே கடலுக்கு லீவு கிடைச்சுச்சு. எஞ்சின் பெருசானதும் எந்தக் காத்தும் ஒண்ணுதான்னு ஆயிருச்சு.

விசைப்படகுக்காரன் எழுதியது:

மூணு-நாலு ஏற்பாட்டை எழுதுங்க, அதுல எங்க அப்பா தலைமுறையும் உக்காந்து பேசியிருக்கு. மீறுறவன் எங்க பக்கமும் உண்டு, ஒத்துக்கிறேன். ஆனா கரையை ஒட்டி சுருக்குமடி, இரட்டைமடி வலை போடுறவனையும் பேர் சொல்லிக் கேளுங்க. அதுல எல்லாம் விசைப்படகு மட்டும் இல்ல.

முதுகுளத்தூர் சம்சாரி எழுதியது:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். கடலைப் பாக்காம வளந்தவன், ஆனா கடல் சாப்பாட்டுல வளந்தவன்.

நீங்க எல்லாரும் கடலோரத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பேசுறீங்க. எங்க ஊருக்கு அறுப்பு முடிஞ்சதும் ஓலைப்பெட்டியில கருவாடு சுமந்துக்கிட்டுப் பொம்பளைக வருவாக. காசு கிடையாது. நெல்லு, கேப்பை, குதிரைவாலி, எது இருக்கோ அதைப் படியில அளந்து குடுத்துட்டு வாங்கிக்கிறது. எங்க அப்பத்தா வருசத்துக்கு வேண்டிய சூடை, காரல், சாளைக் கருவாட்டைப் பானையில அடுக்கி வச்சிருவாக. மழை பொய்ச்ச வருசம் வெறும் கஞ்சிக்கு அந்தக் கருவாட்டுத்துண்டுதான் துணை. அவுகளுக்கும் அப்படித்தான். வாடையில கடலுக்குப் போக முடியாத நாள்ல எங்க குதிரைவாலிதான் அங்க வெந்துச்சு.

அப்பறம் பனை. மீனைச் சுத்துற பாய் பனை, பெட்டி பனை, ஓலைவலைக்குக் கட்டுற ஓலை பனை, கூட்டுக்கு நாரு பனை. இப்ப இருக்குற 61 நாள் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அப்படியே பதநீர் காலம். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுற நேரம். அந்த ரெண்டு மாசம் கடலோரப் பிள்ளைகளுக்கு நுங்கும் பதநீரும் எங்க இருந்து வந்துச்சு? மரத்தை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏத்திப்புட்டு, நிவாரணப் பணத்துக்குக் கையேந்துறோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு 2021-லதான் சொன்னாக. அதுக்குள்ள காடு காலி.

குழம்புக்கு எங்க முண்டு மிளகா இல்லாம உங்க மீனுக்கு என்ன மரியாதை? புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆகவே தம்பி, பதிவேட்டுல கருவாடு போன பாதையையும் எழுது. எந்த ஊருக்கு எது போச்சு, பதிலுக்கு எது வந்துச்சுன்னு.

கூடுகட்டி எழுதியது:

சம்சாரி அண்ணே, இது என் நோட்டுல சுத்தமா இல்லாத விஷயம். உம்மாகிட்ட இப்பத்தான் கேட்டேன். எந்தெந்த ஊருக்குப் போவாக, எங்க தங்குவாகன்னு ஒரு மணி நேரம் சொல்றாக! கருவாடு பதமும் சொன்னாக. பெரிய மீனை உப்புப் போட்டு, பனைஓலைப் பாயில சுத்தி, மணல்ல குழி தோண்டி ரெண்டு மூணு நாள் புதைச்சு எடுப்பாக. வெயில்ல காயப்போட்டது மாதிரி விறைக்காது, சதை மெத்துன்னு இருக்கும், வாசமே வேற. மழைக்காலத்துக்கு அதுதான் தோது.

கச்சான்காத்து எழுதியது:

இப்பக் கருவாடு போடுற அளவு மீனு எங்கண்ணே மிஞ்சுது? பொடிமீன் எல்லாம் சங்காயம்னு ஒரே குவியலாக் கொட்டி, காய வச்சு, கோழித்தீவனத்துக்கு லாரி ஏறுது. காரலு, சூடை, நகரைக் குஞ்சு, எல்லாம் அதுலதான். ஏழைபாழை தின்ன மீனைக் கோழி தின்னுது. அந்தக் கோழியை நம்ம கடையில கிலோ கணக்குல வாங்கித் திங்கிறோம்.

சின்னப்பாலத்துப் பொண்ணு எழுதியது:

பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறாப் புட்டும் காரல் சாறும் குடுக்குறது எங்க பக்கம் இன்னும் இருக்கு. எங்க அக்காவுக்குப் பிரசவம் ஆனப்பக் காரலுக்கு அலையா அலைஞ்சோம். கரையில காரல் குவிஞ்சு கிடக்கு, ஆனா ஐஸ் வைக்காம, மண்ணோட மண்ணா, தீவனத்துக்கு. திங்கிற மாதிரி ஒரு கை காரல் கிடைக்கல.

கஞ்சிப்பாசியும் அப்படித்தான். முன்னாடி அதைக் கழுவிக் காய வச்சுக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்காக. இப்ப நாங்க எடுத்துக் குடுக்குறோம், அது மதுரைப் பக்கம் போயி அகர் ஆகுது. ஐஸ்கிரீம்லயும் ஜெல்லியிலயும் திரும்பி வருது. கஞ்சி காய்ச்சத் தெரிஞ்ச ஒரு பாட்டிதான் எங்க தெருவுல மிச்சம்.

பரமக்குடி வக்கீல் எழுதியது:

சட்டம் பற்றிக் கொஞ்சம், சுருக்கமாக.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பதிவேடு அந்தக் குழுவின் வேலை. வணிகத்துக்காக அந்த எல்லைக்குள் உயிர்வளம் சேகரிப்பவர்களிடம் கட்டணம் வாங்கக் குழுவுக்கு 41-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. நம் மாவட்டத்தில் எத்தனை குழு அதைப் பயன்படுத்தியிருக்கிறது என்று விசாரித்தால் சிரிப்புத்தான் வரும்.

2023-ல் ஒரு திருத்தம் வந்தது. 'தொகுக்கப்பட்ட' பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துபவர்களுக்கு, லாபத்தில் பங்கு தருவதிலிருந்து விலக்கு. இதைக் கேட்டுச் சிலர் "எழுதினாலே போச்சு" என்று பயப்படுகிறார்கள். அது அப்படியில்லை. அந்த விலக்கு சித்த, ஆயுர்வேத மூலநூல்கள் போன்றவற்றை மனதில் வைத்து வந்தது. ஊராட்சிப் பதிவேட்டில் எழுதுவதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. எழுதாமல் இருந்தால்தான் நாளைக்கு யாராவது வந்து இதைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

தீவுப் பிரச்சினைக்கு: 2006 வன உரிமைச் சட்டத்தில் 'வனநிலம்' என்பதில் தேசியப் பூங்காவும் அடக்கம். நீர்நிலைகளின் மீன் முதலியவற்றின் மீதான சமூக உரிமையும் அதில் இருக்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து அதை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். கடலுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில் வாதம் உண்டு. ஆனால் வாதாட வேண்டுமானால் சாட்சியம் வேண்டும். பாட்டி பெயர், எந்தத் தீவு, எந்தப் பாசி, எந்த மாதம். பதிவேடு அதற்கு உதவும்.

சின்னப்பாலத்துப் பொண்ணு எழுதியது:

கட்டணம்னு சொன்னீங்களே சார், அதை எங்கம்மாகிட்டயே கேட்டுப்புட மாட்டாகளா?

பரமக்குடி வக்கீல் எழுதியது:

கேட்கக் கூடாது. உள்ளூர் மக்களுக்குச் சட்டத்திலேயே விலக்குகள் இருக்கின்றன. வாங்கி ஏற்றுமதி செய்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். கப்பாபைகஸ் என்ற கடல்பாசியின் ஏற்றுமதிக்கு ஒரு கம்பெனி தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குப் பங்குத்தொகை கட்டியது பதிவான விஷயம்.

மண்டபம்வாசி எழுதியது:

கப்பாபைகஸ் பேச்சு வந்ததால் ஒன்று. அது நம் கடலின் பாசி அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்து, பிறகு மூங்கில் தெப்பத்தில் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல வருமானம் வந்தது, மறுக்கவில்லை. 2008-ல் அது குருசடைத் தீவின் உயிர்ப்பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2013-க்குப் பிறகு நோய் வந்து விளைச்சலும் விழுந்தது.

இப்போது திருவாடானை வட்டம் வளமாவூரில் பாசிப் பூங்கா வருகிறது, 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள், நூறு கோடிக்கு மேல் திட்டம். வரட்டும். ஆனால் அங்கே எந்தப் பாசி வளரும் என்று முடிவு செய்யும் மேசையில் மரிக்கொழுந்து கிள்ளிய ஒரு கையாவது இருக்க வேண்டும். கஞ்சிப்பாசி நம் கடலிலேயே வளர்வது, கயிற்றில் கட்டி வளர்க்கவும் வரும். விலை குறைவு என்பதால் ஒதுக்கப்படுகிறது.

விசைப்படகுக்காரன் எழுதியது:

சினை நண்டையும் எழுதுங்க. முட்டையோட வர்றதைத் திருப்பிக் கடல்ல விடுறது பழைய ஆளுககிட்ட இருந்த பழக்கம். எங்க தாத்தா விடுவாரு, ஆமை தின்ன அதே தாத்தாதான். இப்ப நண்டுச் சதைக்கு இருக்குற விலையில எவனும் விடுறது இல்ல, நாட்டுப்படகு, விசைப்படகு எல்லாரும்தான்.

கச்சான்காத்து எழுதியது:

அது உண்மை. நண்டு வலையில நானே பாக்குறேன். கம்பெனிக்காரன் சினை நண்டை வாங்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒரே மாசத்துல நிக்கும். வலைக்காரனைத் திருத்துறதை விட வாங்குறவனைத் திருத்துறது சுளுவு.

சங்குமுகம் எழுதியது:

ஓராக்குழம்பு?

கூடுகட்டி எழுதியது:

சங்குமுகம் தம்பிக்கு: ஓராவோட முள்ளு குத்துனா கடுக்கும், செதுக்கிட்டுத்தான் அறுக்கணும். குடலைச் சுத்தமா எடுத்துரணும், அது தாழையும் பாசியும் தின்னுற மீனு, விட்டா குழம்பு கசக்கும். புளியை முன்னாடியே கொதிக்க விட்டு, முண்டு மிளகாயை அரைச்சு ஊத்தி, கடைசியாத்தான் மீனு. கிளறக் கூடாது, சட்டியைப் புடிச்சு ஆட்டணும். போதுமா?

எல்லாரும் சொன்னதை வச்சு இப்படி முடிவு பண்ணியிருக்கேன். கூடு, காத்து, கருவாடு, பிரசவ மீனு, பனை, கருவாட்டுப் பாதை எல்லாம் எழுதுறேன். ஆமை, ஆவுளியா, பாறை வெட்டுனது, அதுவும் வரும். மூணு-நாலு ஏற்பாடு, பாசிக்காரவுக பன்னெண்டு நாளு, சினை நண்டு இதெல்லாம் "ஊர்க் கட்டுப்பாடு"ன்னு தனிப் பக்கமா. சொன்னவுக பேரு, வயசு, தெரு அவுக சம்மதிச்சா மட்டும். பொம்பளைக சொன்னதைப் புருசன் பேர்ல எழுத மாட்டேன்.

பார் இருக்குற இடம் வராது. பள்ளிவாசல் மினாராவையும் ஒத்தப்பனையையும் நேர் பாத்து வாப்பா கண்டுபுடிக்கிற அந்த இடம் அவுக மனசுலயே இருக்கட்டும். ஜிபிஎஸ்ல ஏத்துன பாருக்கெல்லாம் என்ன கதி ஆச்சுன்னு இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும்.

பரமக்குடி வக்கீல் எழுதியது:

நல்லது. கிராமசபையில் வாசித்துக் காட்டி, தீர்மானமாகப் பதிவு செய்து, நகல் ஒன்றை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நகலில் குழு முத்திரையும் தேதியும் இருக்கட்டும்.

சின்னப்பாலத்துப் பொண்ணு எழுதியது:

கிராமசபை நாள் அமாவாசையை ஒட்டி வந்தா அம்மாமாரு வர மாட்டாக அண்ணே, பாசிக்குப் போயிருவாக. தேதியை முன்னாடியே பாத்துச் சொல்லுங்க. கஞ்சி காய்ச்சுற பாட்டியை நான் கூட்டியாறேன்.

முதுகுளத்தூர் சம்சாரி எழுதியது:

குதிரைவாலி ஒரு படி நான் கொண்டாறேன். கருவாடு உங்க பொறுப்பு.